ஏரி ஐஸ் தாங்குமா? சிம்கோவில் மீன் பிடிக்கப் போகும் முன்

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே 404 நெடுஞ்சாலையில் ஏறினால், போக்குவரத்து நெரிசல் இல்லாத காலையில் ஒரு மணி நேரத்துக்குள் கெஸ்விக் வந்துவிடும். ஊரை ஒட்டியே சிம்கோ ஏரி. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இந்த ஏரி உறைந்து, அதன் மேல் சின்னச் சின்னக் குடில்கள் முளைத்திருக்கும். ஐஸில் துளை போட்டு, பெர்ச், ஒயிட்ஃபிஷ், லேக் ட்ரவுட் என்று பிடிக்க தெற்கு ஒன்டாரியோ முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். டொராண்டோ வட்டாரத் தமிழர்களுக்குக் குளிர்கால மீன்பிடிப்புக்கு மிகவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய ஏரி இதுதான்.

புதிதாகப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐஸ் எத்தனை இஞ்ச் இருந்தால் நடக்கலாம்?" என்பதுதான். "நாலு இஞ்ச்" என்று யாராவது சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நாலு இஞ்ச் எந்த வகை ஐஸ், ஏரியின் எந்த இடத்தில் அளந்தது, எந்த நாளில் அளந்தது என்பது தெரியாவிட்டால் அந்த எண்ணை நம்பி ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. ஒரே ஏரியில், ஒரே காலையில், ஓர் இடத்தில் 30 சென்டிமீட்டரும் கூப்பிடு தூரத்தில் 5 சென்டிமீட்டரும் இருக்கலாம். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஏரி எப்படி உறைகிறது

தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்பரப்பு குளிரக் குளிர, அந்தத் தண்ணீர் கனத்துக் கீழே போகும். அடியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை இந்தச் சுழற்சி நடந்துகொண்டே இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்த தண்ணீர் லேசாகிவிடுவதால் மேலேயே தங்கி, அங்கேயே உறையத் தொடங்கும்.

ஆழம் கூடிய இடத்தில் குளிர வேண்டிய தண்ணீரும் அதிகம், அதனால் உறைய நாளாகும். சிம்கோவின் தெற்கில் இருக்கும் குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது. அது முதலில் உறையும். மேற்கில் பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடா 40 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அது தாமதமாகத்தான் உறையும். "சிம்கோ உறைஞ்சிட்டுதாம்" என்று யாராவது சொன்னால், "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

அப்புறம் காற்று. அமைதியான, மேகமில்லாத, கடுங்குளிர் இரவில்தான் முதல் ஐஸ் படலம் பிடிக்கும். மறுநாள் பலத்த காற்று அடித்தால் அந்தப் படலம் உடைந்து ஒரு கரையில் ஒதுங்கும், நடுவில் திறந்த தண்ணீர் நிற்கும். இரண்டு நாள் கழித்து அந்த இடம் மறுபடி உறையும். இப்படிப் பல வயதுள்ள ஐஸ் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்ததுதான் டிசம்பர், ஜனவரி ஏரி. மேலே பனி கொட்டி எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக மூடிவிட்ட பிறகு, எது பழையது, எது முந்தாநாள் உறைந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது.

எவ்வளவு வேகமாகத் தடிக்கும்

ஐஸின் மேல்பரப்பு வழியாகத் தண்ணீரின் வெப்பம் வெளியே போனால்தான் அடியில் புது ஐஸ் சேரும். ஏற்கெனவே இருக்கும் ஐஸே அந்த வெப்பத்துக்குத் தடை. ஆகவே தடிமன் கூடக் கூட வளர்ச்சி மந்தமாகும். இதைக் கணக்காக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருவக் கடல் ஐஸை ஆராய்ந்த ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசப் ஸ்டெஃபான். அவர் கணக்கின் சாரம் இதுதான்: தடிமன், குளிரின் மொத்த அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது.

குளிரின் மொத்த அளவு என்றால், ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே போவது. பத்து நாள் சராசரியாக மைனஸ் 5 என்றால் மொத்தம் 50. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7. பனி மூடிய சாதாரண ஏரிக்கு அதை 1.7 முதல் 2.4 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கினால் சென்டிமீட்டரில் தடிமன் கிடைக்கும். 2 என்று வைத்துக்கொண்டால் 14 சென்டிமீட்டர். அதே குளிர் நாற்பது நாள் நீடித்தால் 56 வராது. ஏறக்குறைய 28தான் வரும். ஆரம்பத்தில் மளமளவென்று தடித்த ஐஸ் பிறகு ஏன் ஊர்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

கணக்கு போட்டுவிட்டு, ஐஸைக் குத்திப் பார்க்கும் கடப்பாரையை வீட்டில் வைத்துவிடக் கூடாது. இது மதிப்பீடு மட்டும்தான். ஆனால் வானிலைச் செயலியைப் பார்த்து, "இந்த வாரம் போக வாய்ப்பே இல்லை" என்று வீட்டிலிருந்தபடி முடிவெடுக்க இது நன்றாக உதவும். பெருக்கும் எண் ஏன் ஏரிக்கு ஏரி மாறுகிறது என்றால், பெரும்பாலும் பனியால்தான். புதுப்பனி நிறையக் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் வெப்பத்தை வெளியே விடாது. ஐஸ் மெல்லியதாக இருக்கும்போதே ஒரு கனத்த பனிப்பொழிவு வந்துவிட்டால், மேலே மைனஸ் 15 குளிர் அடித்தாலும் அடியில் ஐஸ் பெரிதாக வளராது. பனி ஆழமாகக் கிடக்கும் இடம் பார்க்க உறுதியாகத் தெரியும். உண்மையில் அங்கேதான் ஐஸ் மெல்லியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நிறம் சொல்லும் சேதி

நல்ல ஐஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கீழே இருண்ட தண்ணீர் தெரிவதால் கறுப்பாகவோ நீலச் சாயலோடோ தோன்றும். புதியவர்கள் கறுப்பைக் கண்டால் பயந்து, வெள்ளையைக் கண்டால் தைரியமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வகையை மட்டும் பார்த்தால் பயம் இடம் மாறிவிட்டது. வெள்ளை ஐஸ் உருவாகும் விதமே வேறு: கொட்டிய பனியின் கனத்தில் ஐஸ் தட்டு அமிழும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறிப் பனியை நனைக்கும், அந்த ஈரப்பனி அப்படியே உறையும். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால்தான் வெள்ளை நிறம். தெளிந்த ஐஸின் பாதி பலம்தான் இதற்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது தெளிந்த ஐஸுக்குச் சொல்லும் தடிமனை வெள்ளைக்கு இரண்டால் பெருக்க வேண்டும்.

சில சமயம் இரண்டு ஐஸ் அடுக்குகளுக்கு நடுவே குழைந்த பனிச்சேறு மாட்டிக்கொள்ளும். துளையில் அளந்தால் மொத்தம் 20 சென்டிமீட்டர் காட்டும். உண்மையில் மேலே 6, நடுவில் சேறு, கீழே 8 என்று இருக்கும். தனித்தனி அடுக்குகள் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்காது. இப்படி இருந்தால் நான் மேல் அடுக்கை மட்டுமே கணக்கில் எடுப்பேன், 6 என்றால் திரும்பிவிடுவேன்.

சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அதில் கால் வைக்கவே வேண்டாம்.

இன்னொரு வகை மார்ச் மாதத்துக்கே உரியது. ஏரி ஐஸ் பெரும்பாலும் செங்குத்தான நீளப் படிகங்களால் ஆனது. வசந்தகால வெயில் ஐஸுக்குள் இறங்கி அந்தப் படிகங்களின் இணைப்புகளைத்தான் முதலில் உருக்கும். கட்டு தளர்ந்த ஊதுபத்திக் கத்தை போல ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். தடிமன் 30, 40 சென்டிமீட்டர் இருந்தாலும் ஆள் பாரத்தில் பொலபொலவென்று உதிரும். மெழுகுவர்த்தி ஐஸ் என்று இதைச் சொல்வார்கள். தடிமனை மட்டும் அளக்கிறவரை ஏமாற்றுவது இதுதான். ஜனவரியின் 10 சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ், மார்ச் கடைசியின் 40 சென்டிமீட்டரைவிட மேல்.

சரி, அப்போ எத்தனை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை சொல்வது: தெளிந்த புது ஐஸ் 4 இஞ்ச், அதாவது 10 சென்டிமீட்டர் இருந்தால் நடக்கலாம், 5 முதல் 7 இஞ்ச் இருந்தால் ஸ்னோமொபைல் ஓட்டலாம், சின்னக் காருக்கு 9 முதல் 10 இஞ்ச். கனடா செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கண்டிப்பு: தனியாக நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாகச் சறுக்கி விளையாட 20, ஸ்னோமொபைலுக்கு 25.

இரண்டில் எது சரி என்றால், இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குச் சொன்னவை. முன்னது கடப்பாரையும் கயிறும் கொண்டு, வழிநெடுக அளந்துகொண்டே போகிற மீனவருக்கு. பின்னது குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கும் பொருந்த வேண்டியது. முதல் தடவை போகிறவர் 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஐஸில் இறங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

தடிமனில் சிறு வித்தியாசம் ஏன் பெரிய வித்தியாசம் ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் லோர்ன் கோல்ட் என்பவர், உறைந்த ஏரிகளின் மேல் வண்டிகள் போன அனுபவங்களைத் திரட்டி 1971இல் ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் வடகனடாவின் ஐஸ் சாலைகளுக்கு அதுதான் அடிப்படை. ஐஸ் தாங்கும் பாரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. எச்சரிக்கையான கணக்குக்கு, சென்டிமீட்டரின் வர்க்கத்தை 3.5ஆல் பெருக்கினால் கிலோவில் விடை வரும். 10 சென்டிமீட்டருக்கு 350 கிலோ. 20க்கு 1,400 கிலோ. 5 சென்டிமீட்டருக்கு 87 கிலோதான். கனத்த உடுப்பு, பூட்ஸ், சாமான் பையோடு நிற்கும் ஓர் ஆளின் எடையே அதைத் தாண்டிவிடும். தடிமன் பாதியானால் பலம் காலாகிறது. அளந்த துளையிலிருந்து பத்தடி தள்ளி ஐஸ் பாதியாகிப் போயிருந்தால், நீங்கள் நம்பி வந்த பாதுகாப்பில் முக்கால் பங்கு போய்விட்டது. இந்தக் கணக்கும் விரிசல் இல்லாத, நல்ல தெளிந்த ஐஸுக்குத்தான்.

பாரம் நகர்கிறதா, நிற்கிறதா என்பதும் முக்கியம். ஐஸ் பாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொடுக்கும். காரை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிறுத்தினால் அடியில் ஐஸ் தொய்ந்துகொண்டே போகும். பக்கத்துத் துளையில் தண்ணீர் பொங்கி மேலே வழிந்தால், அந்த இடம் அமிழ்கிறது என்று அர்த்தம். ஆட்களும் சாமானும் உடனே பிரிந்து விலக வேண்டும். வேகமாக ஓட்டினாலும் ஆபத்து. வண்டிக்குக் கீழே தண்ணீரில் ஓர் அலை எழுந்து கூடவே வரும். அது கரைக்கு அருகே ஐஸை உடைக்கக்கூடும். காரை ஏரியில் இறக்குவதைப் பற்றி ஆரம்பநிலையில் இருப்பவர் யோசிக்கவே வேண்டாம்.

அளக்கும் முறை

சிறந்த கருவி நம் எல்லோருக்கும் தெரிந்த கடப்பாரைதான். உளி முனையுள்ள நீளமான இரும்புத் தடி, மேலே மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. கரையிலிருந்து இறங்கும்போதே, அடுத்த அடி வைக்கப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓங்கிக் குத்த வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு குத்துக்குள் ஓட்டையானாலோ தண்ணீர் கசிந்தாலோ நில்லுங்கள். வந்த வழியே, வந்த தடத்திலேயே, காலைத் தூக்காமல் தேய்த்தபடி திரும்புங்கள். நல்ல ஐஸில் கடப்பாரை "டங்" என்று கெட்டியாக எகிறும். பலமில்லாத ஐஸில் சத்தம் மந்தமாக, பொத்தென்று இருக்கும். நாலைந்து தடவை கேட்டால் காது பழகிவிடும்.

கொஞ்சம் உள்ளே போனதும் ஆகர் என்னும் திருகு துளைப்பானால் துளை போட்டு, முனை வளைந்த அளவுகோலை உள்ளே விட்டு, ஐஸின் அடி விளிம்பில் மாட்டி அளக்க வேண்டும். மேலே கிடக்கும் பனியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எவ்வளவு தெளிவு, எவ்வளவு வெள்ளை என்று துளையின் சுவரைக் குனிந்து பாருங்கள். துளையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் ஒரு நல்ல குறிப்பு. ஐஸின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே சுதந்திரமாக மிதக்கும் ஐஸில் தண்ணீர் மேல் விளிம்பிலிருந்து தடிமனில் பத்தில் ஒரு பங்கு கீழே நிற்கும். விளிம்பு வரை வந்துவிட்டால் பனியின் கனம் ஐஸை அழுத்துகிறது என்று பொருள். சீக்கிரமே தண்ணீர் மேலேறிச் சேறாகும்.

ஒரே ஒரு துளை போட்டு அளந்துவிட்டு நிம்மதியாவதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. சில பத்து மீட்டருக்கு ஒரு துளை என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். நிறம் மாறினால், பனியின் ஆழம் மாறினால், விரிசல் குறுக்கிட்டால் உடனே இன்னொன்று. முன்னால் யாரோ போன காலடித் தடம் இருக்கிறதே என்று பின்னால் போகாதீர்கள். அவர் போனது நேற்றுக் காலையாக இருக்கலாம்.

விலக வேண்டிய இடங்கள்

தண்ணீர் ஓடும் இடத்தில் ஐஸ் தடிக்காது. குக்ஸ் விரிகுடாவின் தெற்கு முனையில் ஹாலண்ட் ஆறு கலக்கிறது. ஜாக்சன்ஸ் பாயிண்டில் பிளாக் ஆறு கலக்கிறது. வடக்கே ஒரில்லியாவுக்குப் பக்கத்தில் ஏதர்லி நேரோஸ் என்ற குறுகிய வாய் வழியாகத்தான் சிம்கோவின் தண்ணீர் முழுவதும் குச்சிச்சிங் ஏரிக்கு வடிகிறது. அங்கே நீரோட்டம் குளிர்காலத்திலும் ஓயாது. படகுத்துறைகளைச் சுற்றி, தூண்கள் ஐஸில் நசுங்காமல் இருக்கக் காற்றுக் குமிழி விடும் இயந்திரங்களை வைத்திருப்பார்கள். அவை அடித் தண்ணீரை மேலே கிளப்பி ஐஸ் பிடிக்க விடாது. அடி ஊற்றுகள், நாணல் புதர்கள், ஐஸுக்கு மேலே தலை காட்டும் பாறைகள் எல்லாமே இந்த ரகம்தான். இருண்ட பொருள் வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றி உருக்கிக்கொண்டே இருக்கும்.

பெரிய ஏரிகளில் அழுத்த மேடுகள் என்று ஒன்று உண்டு. வெப்பநிலை ஏறும்போது ஐஸ் விரியும், இரண்டு பெரிய தட்டுகள் மோதும், மோதிய கோட்டில் ஐஸ் நொறுங்கிக் குவியும். கிலோமீட்டர் கணக்கில் நீளமாகக் கிடக்கும். மேடு பார்க்க உறுதியாக இருக்கும், அதன் அருகில் திறந்த தண்ணீரோ மெல்லிய தோலோ இருக்கும். காலையில் கடந்த இடம் மாலையில் திறந்திருக்கலாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் மீன் அதிகம் என்று யார் சொன்னாலும், முதல் வருடத்தில் இந்தப் பக்கமே இருங்கள்.

ஐஸ் எவ்வளவு தடித்திருந்தாலும் காற்று அதை நகர்த்திவிடும் என்பதற்கு ஈரி ஏரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஒஹாயோ கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போய்ப் பலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போகும் வழியிலேயே ஒரு விரிசல் இருந்தது. அதன் மேல் மரச்சட்டங்களைப் பாலமாகப் போட்டுக் கடந்திருந்தார்கள். வெப்பநிலை ஏறி, கரையிலிருந்து ஏரிப்பக்கமாகப் பலத்த காற்று அடித்ததும் விரிசல் அகன்று, ஐஸ் தட்டு அப்படியே கரையை விட்டு விலகியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்டார்கள். ஒருவர் இறந்தார். அவர்கள் நின்ற ஐஸ் மெல்லியது அல்ல. போவதற்கு முன் வெப்பநிலையோடு காற்றின் திசையையும் பாருங்கள். உங்கள் கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் பலத்த காற்று என்றால், அதுவும் நீளமான விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அன்று போக வேண்டாம்.

ஏரி உறுமும் சத்தத்தைக் கேட்டுப் பலர் பதறிப்போவார்கள். குளிர் இரவிலும் வெயில் ஏறும் காலையிலும் ஐஸ் சுருங்கி விரியும்போது இடி போலவும் கம்பி அதிர்வது போலவும் சத்தம் வரும். தடித்த ஐஸிலும் இது வழக்கம்தான். காலுக்கடியிலேயே படபடவென்று சின்ன வெடிப்புச் சத்தமும், விரல்களைப் பரப்பியது போன்ற விரிசல்களும் சேர்ந்து வந்தால்தான் உடனே திரும்ப வேண்டும்.

உருகி உறையும் நாட்கள்

டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா ஷர்மாவும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து நாடுகளில் குளிர்காலத்தில் நீரில் மூழ்கிய 4,000க்கும் மேற்பட்ட மரணங்களை வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தது அது. குளிர்கால வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்க நெருங்க மரணங்கள் வேகமாகக் கூடின. கடுங்குளிர்ப் பிரதேசங்களில் ஐஸ் நிலையாக இருக்கிறது. உருகுவதும் உறைவதுமாக இருக்கும் நம் தெற்கு ஒன்டாரியோ போன்ற இடங்களில்தான் ஐஸை நம்ப முடியாது.

ஜனவரியில் இரண்டு நாள் மழையோடு பிளஸ் 6 வந்துவிட்டு, மூன்றாம் நாள் மைனஸ் 10 அடித்தால் மேல்பரப்பு பளபளவென்று கெட்டியாகிவிடும். உள்ளே வலுவிழந்தது அவ்வளவு சீக்கிரம் சரியாகாது. போதாததற்கு, மழைநீரும் உருகிய நீரும் பழைய துளைகள், விரிசல்கள் வழியாகச் சுழித்து இறங்கி அவற்றை அகலமாக்கியிருக்கும். அவை மேலே மெல்லியதாக மூடி, அதன் மேல் பனியும் விழுந்துவிட்டால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. உருகல் வந்து போனால் பழைய அளவுகளை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

மார்ச்சில் கரையோரம்தான் முதலில் போகும். மண்ணும் ஆழம் குறைந்த தண்ணீரும் வெயிலில் சூடேறி விளிம்பைத் தின்றுவிடும். காலை உறைபனியில் எளிதாக ஏறிப் போனவர், மதியம் திரும்பும்போது கரைக்கும் ஐஸுக்கும் நடுவே தண்ணீர் நிற்பதைப் பார்ப்பார்.

முதல் தடவை போகிறவருக்கு

கெஸ்விக், ஜாக்சன்ஸ் பாயிண்ட், பீவர்ட்டன் பக்கங்களில் குடில் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஐஸை அளந்து, பாதைக்கு அடையாளம் நட்டு, பழைய பாம்பார்டியர் பனிவண்டிகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். முதல் ஒன்றிரண்டு தடவை இவர்களோடு போவதுதான் புத்தி. காசு கொஞ்சம் செலவாகும். அதற்குப் பதிலாக எந்த ஐஸில் எப்படி நடக்கிறார்கள், எந்த இடத்தைச் சுற்றிப் போகிறார்கள் என்று நேரில் பார்க்கலாம். தூண்டில் கடைக்காரர்களிடம் பேசுவதும் நல்லது. போனில் கேட்கும்போது "ஐஸ் நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "எந்த இடத்தில், இன்றைக்கு எத்தனை இஞ்ச், அதில் வெள்ளை எவ்வளவு?" என்று கேளுங்கள்.

18 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு ஒன்டாரியோவில் மீன்பிடி உரிமம் வேண்டும். குடிலுக்குள் கேஸ் அடுப்பு எரிந்தால் காற்று வெளியேறும் துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும்.

உடம்பில் இருக்க வேண்டியவை: பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை, மிதக்கும் உடை அல்லது கோட்டுக்கு மேல் ஒரு உயிர்காப்பு அங்கி, கழுத்தில் ஒரு ஜோடி ஐஸ் பிக். ஐஸ் பிக் என்பது நுனியில் ஆணியுள்ள இரண்டு கைப்பிடிகள், கயிற்றால் இணைத்தது. அது பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். தண்ணீர் புகாத உறையில் போன். பதினைந்து மீட்டராவது இருக்கும் கயிறு. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போனால் பத்து மீட்டராவது இடைவெளி விட்டு நடங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

விழுந்துவிட்டால்

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், பனித்தண்ணீரில் தானே பலமுறை இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அந்த நிமிடத்தில் தலையை மேலே வைத்து மூச்சை அடக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். வெளியே வர அதுதான் நேரம். நினைவு தப்பும் அளவுக்கு உடம்பு குளிர ஒரு மணி நேரம் வரை ஆகும். விழுந்த உடனே உறைந்து செத்துவிடுவோம் என்று பலர் நினைப்பது தவறு. அந்தப் பயத்தில் முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடுவதுதான் உயிரைப் பறிக்கிறது.

உடுப்பைக் கழற்றாதீர்கள், அதற்குள் இருக்கும் காற்று மிதக்க உதவும். வந்த திசைக்குத் திரும்புங்கள். உங்களைக் கொஞ்ச நேரம் முன்பு தாங்கியது அந்தப் பக்கத்து ஐஸ்தான். கைகளை ஐஸ் மேல் நீட்டிப் பிக்கைக் குத்தி, நீந்துவது போலக் காலை உதைத்து உடம்பைப் படுக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்து, இழுத்து மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல், பாரம் பரவும்படி வந்த வழியே உருண்டு விலகுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஏற முடியவில்லை என்றால் போராடுவதை நிறுத்தி, கைகளை ஐஸ் மேல் அசையாமல் வையுங்கள். ஈரச் சட்டைக் கை ஐஸோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நினைவு தப்பினாலும் தலை மூழ்காது, மீட்பவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

விழுந்தது கூட வந்தவர் என்றால், அவரை நோக்கி ஓடாதீர்கள். முதலில் 911. அப்புறம் கெட்டியான ஐஸில் படுத்துக்கொண்டு கயிறு எறியுங்கள். கயிறு இல்லையா, சறுக்கு வண்டியையோ மரக்கிளையையோ கடப்பாரையையோ நீட்டுங்கள். வெளியே வந்தவரை ஈர உடுப்பு மாற்றிப் போர்த்திக் கிடத்துங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், மதுவும் கொடுக்க வேண்டாம். நன்றாகப் பேசுகிறார், சூடாக டீ குடிக்கிறார் என்றாலும் ஆம்புலன்ஸ்காரர்கள் பார்க்கும் வரை அவரை எழுந்து நடக்க விடாதீர்கள். குளிர்ந்த உடம்பில் இதயம் எளிதில் தடுமாறும்.